புகைக்கு மட்டும் வழி

வீட்டுக்கு இரண்டாவது வாசல் கேட்டவளுக்கு வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டம் 'வாசல்காரி' என்று பட்டப்பெயர் வைத்து ஒரு வாரமாகிறது. வைத்தவர்கள் வாழ்க. பட்டப்பெயர் வைப்பதில் நம் சனத்துக்கு இருக்கும் சுறுசுறுப்பில் பாதி மற்றக் காரியங்களில் இருந்திருந்தால் நாம் எப்போதோ உருப்பட்டிருப்போம்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீவராணி லுணுகலையில் நடந்த வீட்டுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனாள். தீ பிடித்தால் என்ன செய்வது, மண் சரிந்தால் எங்கே ஓடுவது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில், அவரவர் வீட்டைப் படமாக வரைந்து, வெளியேறும் வழிகள் இரண்டைச் சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொன்னார்கள். ஜீவராணி ஒன்றைக் குறித்தாள். இரண்டாவதைத் தேடிப் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பயிற்சி கொடுத்த அம்மணி எட்டிப் பார்த்துவிட்டு, "வழி இல்லாட்டி இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

இல்லை என்று எழுதிக் கொடுத்தால் நெருப்பு வாசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாக்கும்.

அவள் இருப்பது தோட்டத் தொழிலாளருக்கான இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைக் காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள். ஒவ்வொரு காம்பராவுக்கும் முன்னால் இருந்த இஸ்தோப்பை, அதாவது திண்ணையை, அடைத்து அடுப்படி ஆக்கியிருக்கிறார்கள். அடுப்பைத் தாண்டித்தான் வாசல். பின்சுவருக்கு அந்தப் பக்கம் முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. இன்னொரு குடும்பம், இன்னொரு அடுப்பு, இன்னொரு ஒற்றை வாசல். அடுப்படியில் தீப் பற்றினால் அறைக்குள் இருப்பவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்தால் இரண்டு வீட்டுக்கும் இரண்டு வழி ஆகிவிடும் என்று ஜீவராணி யோசித்தாள்.

யோசனையில் குற்றமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் குற்றம். அது அவள் கணவன் ஜெயகுமாரின் சொந்த அண்ணன் சின்னராசா, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். நாலு வருஷத்துக்கு முன் ஜெயகுமார் எதிர்ச் சங்கத்துக்கு மாறினான். தலைவருடைய தம்பியே சங்கம் மாறினால் தலைவர் எந்த முகத்தோடு காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் போவார்? அன்றோடு பேச்சு நின்றது. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது, மேலே ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருக்கும். தம்பி வீட்டுப் பேச்சு தன் காதில் விழக்கூடாதென்று சின்னராசா அந்த இடைவெளியில் தகரம் அடித்தார். கையகலம் மட்டும் மிச்சம். புகை வந்துபோக அது தாராளம்.

இனி இந்த வாரத்துக் கதை.

*

காலைப் பெரட்டு முடிந்து பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் பிரியும் நேரம். ஜீவராணி நேரே உதவி மேலாளர் சின்ன தொரையிடம் போனாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

"தொரை, நடுச்சுவர்ல ஒரு கதவு வைக்கணும். எங்க செலவு, எங்க வேலை. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

சின்ன தொரை தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லயம் கம்பெனிச் சொத்து. ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் அனுமதி வேணும்."

"அதத்தான் கேக்குறேன்."

"கேட்டா குடுத்துறணுமா? நாளைக்கு எல்லாக் காம்பராக்காரங்களும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே தொரை. எல்லாருக்கும் அடுப்பு வாசல்லதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு கட்டோட கெடக்காரு. நான் மலையில இருக்கையில தீப் புடிச்சா அவரு எப்படி வெளிய வருவாரு?"

பக்கத்தில் நின்ற சின்னராசா தொண்டையைச் செருமினார். தம்பி மனைவியிடம் நேரே பேசுவதில்லை என்பது அவர் விரதம். ஆகவே தொரையிடம் பேசினார்.

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல தொரை. சங்கம் மாறினவங்களுக்கு இப்ப எங்க வீட்டுக்குள்ள வழி வேணுமாம். இன்னைக்குக் கதவு, நாளைக்குக் காம்பரா. லயம் கட்டின நாள்ல இருந்து இல்லாத வழக்கம்."

ஜீவராணிக்கு உச்சியில் ஏறியது. தொரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தே கேட்டாள். "மாமா, லயம் கட்டின நாள்ல இருந்து எத்தன லயம் எரிஞ்சிருக்கு? நீங்கதானே தலைவரு, ஒவ்வொரு எடத்துக்கும் போய் அரிசி மூட்டையும் பாயும் பங்கு வச்சீங்க? பங்கு வைக்கையில ஒரு தரமாச்சும், இவங்க ஏன் வெளிய வர முடியாமப் போச்சுன்னு கேட்டீங்களா?"

சின்ன தொரை இப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"சுவரத் தொட்டா விசாரணை வரும். போய் வேலயப் பாரு."

"ஆணி அடிக்க அனுமதி வேணும். எரிஞ்சு சாகிறதுக்கு மட்டும் யார்கிட்டயும் அனுமதி கேக்கத் தேவையில்ல போல" என்று சொல்லிவிட்டு அவள் மலை ஏறினாள்.

அவள் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று அன்று பலர் சொன்னார்கள். இந்தக் கதையை எழுதுகிறவனுக்கு அதில் உடன்பாடில்லை.

*

அடுத்த நிரையில் ரெங்கம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சின்னராசாவின் மனைவி. ஆண்கள் பேசாவிட்டால் பெண்களும் பேசக்கூடாது என்பது குடும்பச் சட்டம். ஆனால் மலையில் சட்டம் கொஞ்சம் தளரும்.

"ஏன் ராணி, நாலு பேருக்கு முன்னுக்கு அப்படிக் கேட்டுட்ட" என்றாள் ரெங்கம்மா, கையை நிறுத்தாமல்.

"வேற எங்கக்கா கேக்கிறது? வீட்டுக்கு வந்து கேட்டேன், கதவச் சாத்தினாரு."

"அவருக்கும் பயம் இருக்குடி. வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. காலம் கெட்டுக் கெடக்கு. நாங்க பாதுகாப்புப் பாக்காமலா இருக்கோம்? தெனம் பூட்டிட்டுத்தானே வாரோம்."

ஜீவராணியின் விரல்கள் நின்றன. "எதப் பூட்டிட்டு?"

"வாசலத்தான். வெளிப்பக்கமா."

"சக்தி எங்க?"

"உள்ளதான். சோத்த ஆக்கி வச்சிட்டுப் படிச்சுக்கிட்டு இருப்பா."

சிவசக்தி அவர்களின் ஒரே மகள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். லயத்தில் அவளைக் கண்டே பல நாளாகிறது, பாவம் விழுந்து விழுந்து படிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஜீவராணியும் அப்படியே நினைத்திருந்தாள். வெளியே பூட்டு, வாசலில் அடுப்பு, அடுப்புக்கு மேலே பரணில் மழைக்காலத்துக்கென்று காயப்போட்ட மிலாறு. மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. காய்ந்துவிட்டால் தீப்பெட்டியைக் காட்டினாலே போதும். இதை எந்தத் தாயும் அறியாதவள் இல்லை. அறிந்துகொண்டே பூட்டுகிறோம், பூட்டிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைக்கிறோம். பிள்ளை யாருடனாவது பேசிவிடுவாளோ என்ற பயத்தில் பாதிகூட அவள் வெந்துவிடுவாளோ என்பதில் இல்லை.

"அக்கா, சாவி யார்கிட்ட?"

ரெங்கம்மாவின் கை இடுப்புக்குப் போனது. அங்கே தடவி, மறுபக்கமும் தடவியது.

"இன்னைக்குக் கடைசியா கெளம்பினது அவரு. அவருதான் பூட்டினாரு."

"அவரு எங்க?"

"பெரட்டு முடிஞ்சு பதுளைக்குப் போயிட்டாரு. சங்கக் கூட்டம்." சொல்லச் சொல்ல ரெங்கம்மாவின் குரல் மெலிந்தது. "சாவி அவரு சட்டப் பைக்குள்ள."

ஜீவராணி கூடையை இறக்கி வைத்தாள். "வாங்கக்கா. பூட்ட ஒடைச்சிட்டு அப்புறம் பேசுவோம்."

கங்காணி மேலே இருந்து குரல் கொடுத்தார். "நிரைய விட்டு எறங்கினா அரை நாள் சம்பளம்தான் போடுவேன்."

"போட்டுக்கங்க" என்றாள் ஜீவராணி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறுக்குப் பாதையின் திருப்பத்தில் லயம் தெரிந்தது. அந்த நேரத்தில் கூரைகளில் புகை கிளம்புவது புதிதல்ல, எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கும் நேரம். ஆனால் சமையல் புகை வாசல் பக்கமாகத்தான் போகும். இது கூரையின் இரண்டு பக்கமும் கசிந்துகொண்டிருந்தது. ஜீவராணி ரெங்கம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

*

அதற்குச் சற்று முன், காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த ஜெயகுமாருக்கு முதலில் கேட்டது இருமல்.

இந்த ஒரு வாரமாக மனைவி அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சோற்றைக் கையில் கொடுக்குமுன் கேள்வி கேட்பாள். புகை வந்தா? குனிஞ்சு தவழணும். உள்கதவு? சாத்தணும், இடுக்குல ஈரத்துணி வைக்கணும். நாய்க்கு வித்தை பழக்குகிற மாதிரி என்று அவன் சலித்துக்கொள்வான். அவளோ, பதில் வந்தால்தான் குழம்பு வரும் என்பாள்.

இருமலுக்குப் பிறகு அலறல். "யாராச்சும் இருக்கீங்களா?"

நாலு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்து அவன் ஒரு சொல் பேசியதில்லை.

"சக்தி, சித்தப்பா பேசுறேன்" என்றான். "எங்க எரியுது?"

"அடுப்புக்கு மேல. மிலாறு புடிச்சிருச்சு சித்தப்பா. கீழ எல்லாம் கொட்டுது."

"அடுப்படிக்கும் அறைக்கும் நடுவுல கதவு இருக்குல்ல. அதச் சாத்து. கையில துணியச் சுத்திக்கிட்டுச் சாத்து."

பலகை அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. "சாத்திட்டேன். வெளிய போக முடியாது சித்தப்பா. அப்பா பூட்டிட்டுப் போயிட்டாரு."

ஜெயகுமாருக்கு இது புதுச் செய்தி. அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட நேரமில்லை என்பதும் அந்தக் கணத்திலேயே தெரிந்தது.

"சரி. அழுவாத. தரையோட தரையாப் படுத்துக்க. மேல இருந்து ஈரத்துணி தாரேன். ஒண்ணக் கதவு இடுக்குல திணி, இன்னொண்ண மூஞ்சியில கட்டிக்க."

கட்டிலின் சட்டத்தைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்தான். குடத்துத் தண்ணீரில் துவாய்களை முக்கி, ஊன்றுகோலின் நுனியில் மாட்டி, தகரத்துக்கு மேலே மிச்சமிருந்த அந்தக் கையகல இடைவெளியில் தள்ளினான். ஒன்று இந்தப் பக்கமே விழுந்தது. மறுபடி முக்கித் தள்ளினான்.

பின்பு கட்டிலுக்குக் கீழே இருந்து அலவாங்கை இழுத்தெடுத்தான். சுவரை உடைக்க ஜீவராணி இரவல் வாங்கி வந்து, வம்பு வேண்டாமென்று அவனே ஒளித்து வைத்தது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, நீளமான அந்த இரும்பைச் சுவரின் களிமண் பொருத்தில் குத்தத் தொடங்கினான்.

*

பெண்கள் வந்து சேர்ந்தபோது ரெங்கம்மா லயத்தின் மேட்டுப் பக்கமிருந்த தன் வாசலுக்கு ஓடிப் பூட்டில் கல்லால் அடித்தாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் சூழ்ந்தார்கள். கதவு இடுக்கெல்லாம் உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

"தொறக்காதீங்கக்கா" என்று ஜீவராணி அவள் கையைப் பிடித்தாள். "இப்பத் தொறந்தா காத்து உள்ள போய் நெருப்பு இன்னும் ஏறும். புள்ள அறைக்குள்ள இருக்கா, வரையில அவரு அவகூடப் பேசுற சத்தம் கேட்டுச்சு. எங்க பக்கமா எடுப்போம், வாங்க. மத்தவங்க தண்ணியும் ஈரச் சாக்கும் சேத்து வைங்க. யாராச்சும் போய் மெயின் சுவிட்ச அமத்துங்க."

பட்டப்பெயர் வைத்தவர்கள் அத்தனை பேரும் சொன்னதைச் செய்தார்கள். சொல்ல ஓர் ஆள் இருந்தால் செய்ய நம்மவர்கள் பின்நிற்பதில்லை.

உள்ளே ஜெயகுமார் ஏற்கனவே இரண்டு கல்லைப் பெயர்த்திருந்தான். கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டே குத்திக்கொண்டிருந்தான். ஜீவராணி அலவாங்கை வாங்கினாள். ரெங்கம்மா நகம் கிழியக் கிழியக் கல்லைப் பறித்தாள். கம்பெனி அத்தனை பெருமையாகக் காத்துவரும் சொத்து, உள்ளே வெறும் களிமண். கொஞ்ச நேரத்தில் தலை நுழையும் அளவுக்கு வழி திறந்தது, பிறகு தோள் நுழையும் அளவுக்கு. முதலில் வந்தது ஈரத்துவாய் சுற்றிய முகம். ரெங்கம்மா மகளின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். இருவரும் தம்பி வீட்டுத் தரையில் விழுந்து கிடந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வாசல் பூட்டை உடைத்தார்கள். ஈரச் சாக்காலும் வாளித் தண்ணீராலும் அடித்து அணைத்தார்கள். அடுப்படி போயிற்று. அறைக்கதவு பாதி கரிந்து நின்றது.

*

பின்னேரம் சின்ன தொரை வந்தார். எரிந்த அடுப்படியைத் தாண்டிச் சின்னராசாவின் அறைக்குள் நுழைந்து, சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியை உள்ளபடி எழுதுகிறேன்.

"இத யாரு ஒடைச்சது?"

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. யாருக்காவது காயமா என்றும் கேட்கவில்லை. சுவருக்கு வக்காலத்து வாங்க ஆள் இருந்தது. பிள்ளைக்குத்தான் இல்லை.

"நான்தான் தொரை" என்றது ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயகுமாரின் குரல்.

"மெடிக்கல் லீவுல இருக்கிற ஆளு சுவரு ஒடைக்கிறியா? அதுக்கும் சேத்து எழுதணும்."

"எழுதுங்க தொரை" என்றாள் ஜீவராணி, ஓட்டையருகே குனிந்து. "எழுதும்போது வாசலுக்கு வெளிய பூட்டு இருந்ததையும் எழுதுங்க. காலையில நான் கேட்டதையும், நீங்க சொன்ன பதிலையும் எழுதுங்க. பெரட்டுல நின்ன அத்தன பேரும் சாட்சி."

அப்போதுதான் சின்னராசா பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, கையில் சாவி. உடைந்த பூட்டு வாசலில் கிடந்தது. சாவியைப் பைக்குள் போடவும் தோன்றாமல், ஓட்டைக்கு முன்னால் குனிந்து பார்த்தார். தம்பியின் கட்டிலில் போர்வை சுற்றிக்கொண்டு, கரி பிடித்த முகத்தோடு மகள் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த இடத்தில் அவர் தகப்பனாகவே நின்றிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

ஆனால் பின்னால் தொரை நின்றார். லயமே நின்றது. சின்னராசா நிமிர்ந்து, தலைவராகிவிட்டார்.

"நாளைக்கே அடைச்சுக் குடுத்துடுறேன் தொரை. நான் பொறுப்பு."

"மேசன நான் அனுப்புறேன்" என்றார் தொரை. "அடைச்சிட்டா நானும் மேல எழுதாம விட்டுறலாம்."

"என்னா மாமா பேசுறீங்க?" என்றாள் ஜீவராணி. "அந்த வழியாத்தான் ஒங்க மக உசுரோட வந்தா."

"நடந்தது நடந்து போச்சு. வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுல நடுச்சுவர்ல ஓட்டைய வச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துறது? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" அன்றுதான் அவர் அவளிடம் நேரடியாகப் பேசினார். அதற்கும் இப்படி ஒரு பேச்சுத்தான் கிடைத்தது.

கட்டிலில் இருந்தவள் போர்வையை விலக்கினாள். புகை குடித்த தொண்டை, குரல் கரகரத்தது.

"அடைங்கப்பா" என்றாள் சிவசக்தி. "ஆனா நான் இந்தப் பக்கம் இருக்கையிலயே அடைங்க."

சின்னராசா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நீயாவது அவளுக்குப் புத்தி சொல் என்கிற பார்வை. ரெங்கம்மா அதுவரை கரிந்த பரணுக்குக் கீழே, எரியாமல் தப்பிய சட்டிப் பானைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சோற்றுப் பானையைக் கீழே வைத்தாள். புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, தொரைக்கும் கணவனுக்கும் நடுவாக வந்து, குனிந்து, சுவரின் அந்தப் பக்கம் போய் மகளருகில் உட்கார்ந்தாள்.

எரிந்த வீட்டில் சின்னராசாவும் தொரையும் மட்டும் நின்றார்கள்.

"என்னா தலைவரே" என்றார் சின்ன தொரை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "மேசன அனுப்பவா, வேணாமா?"

சின்னராசா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டையையே பார்த்தபடி நின்றார். அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.